எங்களுக்கு மட்டும் திறக்காத பக்கம்

"மேடம், எங்களுக்கு ஓப்பன் ஆகுதே."

போனில் அவன் இதைச் சொன்ன குரல் இன்னும் என் காதிலேயே இருக்கிறது. மரியாதைக்குக் குறைவே இல்லாத குரல். பல்லைக் கடித்துக்கொண்டு நான் கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் அவன் அதையேதான் பதிலாகச் சொன்னான். காலம் போனால் கோபம் ஆறும் என்பார்கள். எனக்கு ஆறவில்லை, ஆறட்டும் என்று காத்திருக்கவும் முடியாது. அதனால் இப்படியே எழுதிவிடுகிறேன்.

அப்போது சின்னமனூரில் ஒரு பிரவுசிங் சென்டர் நடத்திக்கொண்டிருந்தேன். படித்த படிப்புக்குச் சென்னைக்குப் போயிருக்கலாம், போகவில்லை. பொம்பளைப் பிள்ளைக்கு எதற்கு இந்தக் கடை என்று கேட்டவர்களே, நான்கு நாள் கழித்து ரேஷன் கார்டு விண்ணப்பத்தை நிரப்பித் தரச் சொல்லி அதே கடைக்கு வந்து நின்றார்கள். கடை பிழைப்புக்கு. மனசுக்கு என்று ஒன்று வைத்திருந்தேன். அது எங்கள் பள்ளத்தாக்கின் திராட்சை விலை போடுகிற இணையப் பக்கம்.

அது எதற்கு என்று புரிய வேண்டுமென்றால் எங்கள் ஊர்களில் திராட்சை விற்கிற விதம் தெரிய வேண்டும். பழம் வெட்டுக்கு வந்ததும் வியாபாரி தோட்டத்துக்கு வருவார். பந்தலுக்குக் கீழே நின்று போனைக் காதில் வைத்து, "அப்படியா, அப்படியா" என்பார். பிறகு முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு, "மதுரையில சரக்கு தேங்கிக் கெடக்காம்த்தா" என்பார். அந்தப் பக்கம் நிஜமாகவே யாரும் பேசினார்களா என்பது அவருக்கும் ஆண்டவனுக்கும்தான் தெரியும். வாயால் சொன்ன விலையில்தான் எங்கள் ஆட்கள் காலங்காலமாகப் பழத்தை வெட்டி ஏற்றினார்கள்.

அந்த வாய்ச்சொல்லை ஒழிக்கத்தான் பக்கத்தைத் தொடங்கினேன். மதுரை, திருச்சி, எர்ணாகுளம் சந்தைகளில் எனக்குத் தெரிந்த ஆட்கள் அன்றைய விலையைக் காலையில் அவர்களே அதில் போடுவார்கள். நான் ஒரு எழுத்தைக்கூடத் தொடமாட்டேன். ஓடைப்பட்டி உரக்கடை அண்ணன், பில் போட வாங்கிய கம்ப்யூட்டரில் அதைப் பார்த்து, கடை வாசலில் தொங்கும் கரும்பலகையில் சாக்பீஸால் எழுதுவார். இதே போல இன்னும் சில ஊர்களிலும் பலகைகள் இருந்தன. எல்லாருக்கும் நான் போட்ட சட்டம் ஒன்றே ஒன்று: திரையில் கண்ணால் பார்த்ததை மட்டும் எழுத வேண்டும், யார் போனில் சொன்னாலும் எழுதக் கூடாது, நானே சொன்னாலும் கூடாது. ஒரு வருடத்துக்குள் பலகையில் இருந்தால்தான் விலை என்று ஆகிவிட்டது. வியாபாரிகளும் வேறு வழியில்லாமல் அதை ஒத்துக்கொண்டார்கள்.

ஓடைப்பட்டியில் என் அக்காவுக்குப் பன்னீர் திராட்சைத் தோட்டம் உண்டு. தோட்டம் முழுக்க அவள் பொறுப்பு. மாமாவுக்கு மண்ணில் கால் வைத்தால் ஜலதோஷம் பிடிக்கும் என்று அக்கா கேலி செய்வாள். அவர் சின்னமனூரில் என் கடைக்கு இரண்டு தெரு தள்ளி பிளக்ஸ் பேனர் அடிக்கிற கடை வைத்திருந்தார். அந்தத் தடவை அக்காவின் தோட்டத்தில் பழம் நன்றாகப் பிடித்திருந்தது. கருப்பாக, கொத்துக் கொத்தாக, பந்தலே தாழ்ந்துபோகிற அளவுக்குக் காய்ப்பு. முந்தைய இரண்டு வெட்டும் செவட்டை நோயில் போனதால், கடன்பட்டு மருந்தடித்துக் காப்பாற்றிய பழம் அது. மேகமலைப் பக்கம் மேகம் இறங்க ஆரம்பித்திருந்தது. பழுத்த பன்னீரில் மழை விழுந்தால் பழம் வெடித்துவிடும், அப்புறம் மாட்டுக்குக்கூட ஆகாது. அந்த வாரத்துக்குள் நல்ல விலைக்கு வெட்டியாக வேண்டும் என்று அக்கா ஒவ்வொரு நாளும் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த வாரம்தான் பக்கம் படுத்தது.

காலையில் திறந்தால் சுற்றிக்கொண்டே இருந்தது. சர்வருக்குள் நுழைந்து பார்த்தேன். ஆயிரக்கணக்கில் யாரோ வந்து கதவைத் தட்டுகிறார்கள், திறந்தால் உள்ளே வருவதில்லை. கல்யாண வீட்டுப் பந்தியில் இலை போட்டு உட்கார்ந்துகொண்டு, சாப்பிடாமலும் எழுந்திருக்காமலும் இருப்பவர்களைப் போல. பசியோடு வந்தவன் வாசலிலேயே நிற்க வேண்டியதுதான். இதற்குப் பெயர் வெள்ளத் தாக்குதல். படித்திருந்தேன், பெரிய வங்கிகளுக்கும் பத்திரிகைகளுக்கும் நடக்கும் என்று நினைத்திருந்தேன். திராட்சை விலைப் பக்கத்தை எவன் முக்குவான்?

சர்வரை வாடகைக்குக் கொடுத்த சென்னைக் கம்பெனிக்குப் போன் போட்டேன்.

"மேடம், வீட்ல சார் யாராவது இருக்காங்களா? டெக்னிக்கலா பேசணும்" என்றான் ஒருவன்.

சார் யாரும் இல்லை, டெக்னிக்கலாக என்னிடமே பேசலாம் என்றேன். "இதெல்லாம் சீனா, ரஷ்யாவில இருந்து வர்ற அட்டாக் மேடம். தானா நின்னுடும்" என்றான். ஜலதோஷத்துக்கு வைத்தியர் சொல்கிற மாதிரி சொன்னான்.

தானாக நிற்கிறவரை பழம் காத்திருக்காது. நானே உட்கார்ந்தேன். தட்டுகிற ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் ஓர் எண் உண்டு, அந்த எண்ணை அடைத்தால் அது தட்ட முடியாது. ஒவ்வொன்றாக அடைத்துக்கொண்டு வந்தேன். கை வலிக்க அடைத்தேன். அப்போது கரண்ட் போனது.

அது மின்வெட்டு உச்சத்தில் இருந்த காலம். முற்பகலில் எங்கள் ஊருக்கு, மதியம் உத்தமபாளையம், கம்பம் பக்கத்துக்கு, அதற்குப் பிறகு தேனி, போடிக்கு என்று முறை வைத்து நிறுத்துவார்கள். என் கடையில் பேட்டரி இருந்ததால் ஒரு கம்ப்யூட்டர் மட்டும் ஓடியது. பார்த்துக்கொண்டே இருந்தேன். கரண்ட் போனதும் வெள்ளம் பாதியாக வடிந்தது. ஆகா, நாம் அடைத்தது வேலை செய்கிறது என்று ஒரு டீயே குடித்துவிட்டேன். கரண்ட் வந்ததும் பழையபடி பொங்கியது, எல்லாம் புது எண்கள். மதியம் மறுபடியும் கொஞ்சம் வடிந்தது. கம்பத்துக்கு மின்வெட்டு நேரம். பிறகு மறுபடியும் பொங்கியது.

சீனாக்காரனும் ரஷ்யாக்காரனும் எங்கள் மின்வாரியத்து முறைப்படியா தாக்குவான்? கரண்ட் போனால் அணைகிற, கரண்ட் வந்து இணைப்பை மறுபடி போடும்போது புது எண்ணோடு எழுகிற அத்தனையும் எங்கள் பள்ளத்தாக்குக் கம்ப்யூட்டர்கள். எங்கள் தெருக்களில் இருந்துகொண்டே எங்கள் பக்கத்தை முக்கின.

இதைக் கண்டுபிடித்ததும் முதல் வேலையாகக் கம்பெனிக்குச் சொன்னேன். ஒளிவு மறைவில்லாமல், "தாக்குதல் எங்க ஏரியாவுல இருந்துதான் வருது. எந்தெந்தக் கடைன்னு பார்த்துச் சுத்தம் பண்ணிடுறேன், கொஞ்சம் டயம் குடுங்க" என்றேன். "ரொம்ப தேங்க்ஸ் மேடம், யூஸ்ஃபுல் இன்ஃபர்மேஷன்" என்றான்.

அந்தத் தகவலை அவர்கள் எதற்குப் பயன்படுத்தினார்கள் என்பது மறுநாள் காலையில் தெரிந்தது. பக்கம் சுற்றக்கூட இல்லை, வெறும் வெள்ளையாக நின்றது. சர்வருக்குள் நானே நுழைய முடியவில்லை. போன் போட்டேன். அப்போதுதான் அந்தக் குரல்: "எங்களுக்கு ஓப்பன் ஆகுதே மேடம்."

திருப்பூரில் வேலை பார்த்த என் தோழியைக் கூப்பிட்டுத் திறக்கச் சொன்னேன். "சல்லுன்னு திறக்குதுடி" என்றாள். அப்போதுதான் உறைத்தது. எங்கள் பள்ளத்தாக்கின் தொலைபேசி இணைப்புகளுக்கு எல்லாம் ஒரே வரிசை எண்கள். அந்த வரிசையை மொத்தமாக அடைத்துவிட்டார்கள். சென்னையில் திறக்கும், அமெரிக்காவில் திறக்கும், திராட்சை ஒரு கொத்துகூட விளையாத திருப்பூரில் திறக்கும். விளைகிற ஓடைப்பட்டியில் திறக்காது. வீட்டில் எலி இருக்கிறது என்று சொன்னால் வீட்டைக் கொளுத்திவிட்டு, எலி போய்விட்டது பாருங்கள் என்கிற சாமர்த்தியம் அது.

"சர்வர் இப்ப ஹெல்தியா இருக்கு. உங்க ஏரியா மிஷின் எல்லாம் கிளீன் ஆனதும் சொல்லுங்க, எடுத்துடுறோம்" என்றான்.

தோழியைத் திரையைப் பார்த்து விலையைப் படிக்கச் சொல்லி, ஓடைப்பட்டி உரக்கடைக்குப் போன் செய்தேன். அண்ணன் எழுத மறுத்துவிட்டார்.

"கண்ணால பாக்காம எழுத மாட்டேன்மா. நீ போட்ட சட்டம்தான அது? இன்னைக்கு உனக்காக எழுதுனா, நாளைக்கு வியாபாரி சொன்னாகன்னு எழுதச் சொல்லுவாக."

அவர் சொன்னதில் ஒரு எழுத்துத் தப்பில்லை, அதனாலேயே எனக்கு ஆத்திரம் இரட்டிப்பானது. அக்காவிடம் நேராக விலையைச் சொன்னேன். அவள் தோட்டத்துக்குப் பழம் வாங்க வந்த வியாபாரி, மண்டிக்காரரிடம் அதைச் சொன்னாள். அவர் சிரித்தாராம். "பலகையில காட்டுத்தா, இப்பவே தர்றேன்" என்றாராம். எந்தப் பலகைக்குப் பயந்து கிடந்தாரோ, அந்தப் பலகையையே காட்டிப் பேசினார்.

போலீஸ் ஸ்டேஷனுக்கும் போனேன். "அந்தக் கம்ப்யூட்டரு எங்கன இருக்கு?" என்று கேட்டார் அங்கிருந்தவர். கம்பெனி சென்னை, சர்வர் அமெரிக்கா என்றேன். "அப்ப அங்கன போயில்ல புகார் குடுக்கணும்?" என்றார். பக்கத்தில் ஆட்டைக் காணோம் என்று வந்திருந்தவர் என்னைப் பாவமாகப் பார்த்தார்.

சரி, கடைகளைச் சுத்தம் செய்வோம் என்று இறங்கினேன். என் கம்ப்யூட்டர்களில் ஒன்றும் இல்லை. அடுத்த தெரு டிடிபி கடையில் பார்த்தேன். யாரும் கூப்பிடாமல் ஒரு புரோகிராம் பின்னால் ஓடிக்கொண்டே இருந்தது. அதற்கடுத்த பிளக்ஸ் கடையிலும் அதே. புதிதாக என்ன போட்டீர்கள் என்று கேட்டேன். "புது டிசைன் சிடிதான்" என்றார்கள் இருவரும்.

எங்கள் பக்கம் காதுகுத்து, சடங்கு, கல்யாணம் எதுவானாலும் பேனர் இல்லாமல் நடக்காது. மாமன் மச்சான் படம் ஒன்று விடுபட்டால் பந்தியில் உட்காரமாட்டார்கள். பின்னணிக்கு மயில், அருவி, அரண்மனை எல்லாம் வேண்டும். அந்தப் படங்கள் ஒரு சிடியில் வரும், ஒருவர் வாங்கினால் எல்லாரும் எடுத்துக்கொள்வார்கள். உறை மோர் கேட்டு வந்தவரிடம் எப்படி இல்லையென்று சொல்லமாட்டோமோ, அப்படி. கேட்டவனுக்குச் சிடி தராத கடைக்காரனை ஊர் மதிக்காது. இந்தப் புதுச் சிடியில் படங்களோடு அந்தப் புரோகிராமும் ஒட்டிக்கொண்டு வந்திருந்தது.

"யாரு குடுத்தா இந்தச் சிடிய?"

"உங்க மாமாதான்."

மாமா கடைக்கு ஓடினேன். பெரிய மிஷினில் ஒரு பேனர் மெதுவாக இறங்கிக்கொண்டிருந்தது. அதே மண்டிக்காரர் வீட்டுக் காதுகுத்து. இரண்டு கையையும் கூப்பி, ஆளுயரத்துக்கு அவரே சிரித்துக்கொண்டிருந்தார்.

"சிடியா? அவக ஆளு ஒருத்தன் குடுத்தான். பேனர் ஆர்டர் சொல்ல வந்தப்ப, புது டிசைனு, வச்சுக்கங்கன்னு சும்மாவே குடுத்தான். நான்தான் எல்லாருக்கும் காப்பி போட்டுக் குடுத்தேன்" என்றார் மாமா. பெருமையாகவே சொன்னார்.

மண்டிக்காரர் தெரிந்துதான் செய்தாரா, அவருக்கும் யாரோ சும்மா கொடுத்ததா என்று என்னால் நிரூபிக்க முடியாது. அதற்குச் சாட்சி வேண்டும். கோபத்துக்குச் சாட்சி வேண்டாம்.

"மாமா, நெட் ஒயரை மட்டும் பிடுங்கி வைங்க. நான் சுத்தம் பண்ணித் தர்றேன்" என்றேன்.

"இப்ப முடியாது பாப்பா. முகூர்த்த நேரம். சிங்கப்பூர்ல இருந்து மாப்பிள்ள போட்டோ மெயில்ல வரணும். ரெண்டு நாள் போகட்டும்."

"அக்கா பழம் அதுவரைக்கும் தாங்காது மாமா."

"ரெண்டுக்கும் என்ன சம்பந்தம்?" என்றார். நிஜமாகவே கேட்டார். சொல்லிப் பார்த்தேன். தன் கடைக் கம்ப்யூட்டர் எங்கேயோ இருக்கிற சர்வரைத் தட்டுகிறது, அதனால் தன் பெண்டாட்டி தோட்டத்துப் பழம் விலை போகாது என்பதை அவர் ஒரு கதையைப் போலத்தான் கேட்டார். மற்ற கடைகளிலும் இதே பதில்தான். மெயில் வரணும், முகூர்த்தம் முடியட்டும். என் கத்தல் செவிடன் காதில் ஊதிய சங்காகப் போனது.

அக்காவுக்குப் போன் செய்து அழுதேன். கோபத்தில் வருகிற அழுகைதான். அவள் போனை வைத்துவிட்டுக் கிளம்பிவிட்டாள். கொஞ்ச நேரத்தில் பஸ் ஏறி வந்து, என்னையும் கூட்டிக்கொண்டு மாமா கடை வாசலில் நின்றாள். தோட்டத்தில் இருந்து அப்படியே வந்திருந்தாள், மேலே போட்டிருந்த சட்டையைக்கூடக் கழற்றவில்லை. இடுப்பில் பழம் வெட்டுகிற கத்தரி இருந்தது.

"எதுடி அந்த ஒயரு?" என்றாள்.

காட்டினேன். மாமா எழுந்திருப்பதற்குள் பிடுங்கிவிட்டாள். ஒயரைச் சுருட்டி மடியில் செருகிக்கொண்டாள்.

"ஏத்தா, மாப்பிள்ள போட்டோ..." என்று இழுத்தார் மாமா.

"மாப்பிள்ள மூஞ்சி நாளைக்கு வந்தா பொண்ணு மாட்டேன்னா சொல்லிருவா? எம் பழம் நாளைக்கு இருக்காது."

பிறகு அவளே முன்னால் நடந்தாள். நான் பின்னால் போனேன். தெருவில் பாதிப்பேர் அவளுக்கு உறவு. "ஏலே, ரெண்டு நாளைக்கு இந்த ஒயரு இல்லாட்டி செத்தா போவ?" என்று கேட்டுக்கொண்டே ஒவ்வொரு கடையாக ஏறினாள். டெக்னிக்கலாக நான் சொல்லியும் கேட்காதவர்கள், அவள் இடுப்பில் இருந்த கத்தரியைப் பார்த்ததும் தாங்களாகவே பிடுங்கிக் கொடுத்தார்கள். கம்பத்திலும் உத்தமபாளையத்திலும் இருந்த கடைகளுக்கு மாமாவையே போன் செய்ய வைத்தாள். சிடி கொடுத்த வாய்தானே, இதையும் சொல்லட்டும் என்றாள். சிரிப்பாக இருந்தது, அன்றைக்கு நான் சிரித்த ஒரே இடம் அதுதான்.

என் பாஸ்வேர்டைப் போட்டுத் தோழி திருப்பூரில் இருந்து சர்வருக்குள் நுழைந்து பார்த்துச் சொன்னாள், அடைப்பில் மோதிக்கொண்டிருந்த வெள்ளமும் வடிந்துவிட்டது. உடனே கம்பெனிக்குப் போன் போட்டேன். சுத்தம் பண்ணிவிட்டோம், அடைப்பை எடுங்கள் என்றேன்.

"ரிக்வெஸ்ட் போட்டுடறேன் மேடம். எடுக்கறதுக்குத் தனி டீம். இன்னிக்கு சனிக்கிழமை, நடுவுல ஞாயிறு வருது. திங்கட்கிழமை மதியத்துக்குள்ள ஆயிடும்."

அடைப்பதற்கு ஒரு ராத்திரி போதுமானதாக இருந்தது. எடுப்பதற்கு மட்டும் டீம், ஞாயிறு, மதியம். கத்தினேன். தமிழில் எனக்குத் தெரிந்த வசவு எல்லாம் அன்றைக்குத் தீர்ந்துபோனது. அவன் கடைசிவரை பொறுமையாகவே இருந்து, "வேற ஏதாவது ஹெல்ப் வேணுமா மேடம்?" என்று கேட்டுவிட்டு வைத்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மேகமலை தெரியவே இல்லை, மேகம் அடிவாரம்வரை இறங்கியிருந்தது. அக்கா வெட்டினாள். மண்டிக்காரர் வாயால் சொன்ன அடிமாட்டு விலைக்கே வெட்டினாள், வேறு என்ன செய்வாள்? நானும் ஒரு கத்தரியை எடுத்துக்கொண்டு பந்தலுக்குக் கீழே நின்றேன். பெட்டிகள் லாரியில் ஏறியபோது மண்டிக்காரரே வந்து, காதுகுத்துக்குக் கட்டாயம் வர வேண்டும் என்று பத்திரிகை வைத்து அழைத்தார். அக்கா அதை வாங்கவில்லை. மாமா கை நீட்டி வாங்கினார், பிறகு அவள் முகத்தைப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். மாமாவை எனக்குப் பிடித்துப்போன நாள் அது.

திங்கட்கிழமை மதியம் பக்கம் திறந்தது. உரக்கடை அண்ணன் கண்ணால் பார்த்துப் பலகையில் எழுதினார். அக்கா போய்ப் பார்த்தாள். எவ்வளவு என்று நான் கேட்கவில்லை, எனக்குத்தான் தெரியுமே. அவள் திரும்பி வந்து வெறும் பந்தலுக்குக் கீழே ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தாள்.

மாதம் முடிந்ததும் கம்பெனியில் இருந்து எனக்கு ஒரு மெயில் வந்தது. வாடிக்கையாளர்களுக்கு வழக்கமாக அனுப்புவது. பச்சையாக ஒரு கோடு, ஒரு இடத்திலும் ஒடியாமல் நேராகப் போனது. அந்த மாதம் முழுவதும் உங்கள் சர்வர் ஒரு நொடிகூடப் படுக்காமல் நின்றது, எங்களைத் தேர்ந்தெடுத்ததற்கு நன்றி என்று இருந்தது. பொய் என்று சொல்ல முடியாது. அவர்கள் கணக்கில் சர்வர் நின்றுகொண்டுதான் இருந்தது.

அதைப் படித்த வேகத்தில் பஸ் ஏறி ஓடைப்பட்டிக்குப் போனேன். அக்கா கவாத்து வெட்டிக்கொண்டிருந்தாள். மெயிலில் இருந்ததை அவளுக்குப் புரிகிற தமிழில் சொன்னேன். அவள் கத்தரியை நிறுத்தவில்லை. ஒரு கொடியை வெட்டிக் கீழே போட்டாள், அடுத்ததைப் பிடித்தாள்.

"நின்னுச்சுங்கிறாக, சரி" என்றாள். "யாருக்காக நின்னுச்சுன்னு கேட்டியா?"